ஐந்து வீட்டுக்கு ஒரு ரிமோட்

கேபிள் திருட்டைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டும் என்று எங்களுக்குச் சிக்னல் அனுப்பும் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. ஒரு கண், ஒரு காது, கொஞ்சம் பொல்லாத புத்தி இருந்தால் போதும். மூன்றும் எனக்குத் தாராளமாக உண்டு என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஐந்தாறு ஊர்களுக்கு நாங்கள்தான் கேபிள்காரர்கள். கம்பத்தில் ஏறுவது அவர் வேலை, வீட்டுக்குள் ஏறுவது என் வேலை. ஓர் ஆண்பிள்ளை போய் நின்று, "உங்க டிவிக்குப் பின்னாடி பாக்கணும்" என்றால் சண்டைதான் வரும். நான் போனால், "வாங்கக்கா, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்பார்கள். காப்பி ஆறுவதற்குள் எந்த வயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துவிடுவேன். காப்பியையும் விட்டுவைக்க மாட்டேன்.

இப்போது எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு வயரைப் பற்றிச் சொல்லத்தான். அதை வெட்டாமல் விட்டால் எங்கள் பிழைப்புக்கே ஆபத்து. வெட்டினால், பேச்சு போய்ப் படுக்கையில் கிடந்த ஒரு மனிதருக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே தொடுப்பும் அறுந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை இப்போதும் ஒளிக்க விரும்பவில்லை.

அந்தக் கதைக்கு வருமுன் திருட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முன்பு கேபிள் திருடுவது கொய்யாக்காய் பறிப்பது மாதிரி. எங்கள் வயர் தென்னந்தோப்பு வழியாகப் போகும். யாராவது அதன் தோலைச் சுரண்டி, ஒரு துண்டு வயரைச் சொருகித் தன் வீட்டுக்கு இழுத்துக்கொள்வார்கள். உடனே அந்த லைனின் கடைசி வீட்டில் படம் புள்ளி புள்ளியாகும். வாய்க்காலில் மேலே ஒருத்தர் மடையை உடைத்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராதல்லவா, அதே கதை. கடைசி வீட்டுக்காரர் போன் செய்து எங்களைத் திட்டுவார். நாங்கள் அங்கிருந்து மேல்நோக்கி நடந்து வருவோம். எந்த வீட்டில் ஆள் நம்மைக் கண்டதும் தேவைக்கு மேல் சிரிக்கிறாரோ அங்கே நிற்போம்.

ஒரு வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிறே கேபிள் வயர். கறுப்பாக, மொழுமொழுவென்று, அதன்மேல் நாலு சேலை காய்கிறது. "என்னத்தா, கொடி இம்புட்டு நல்லாருக்கே" என்று கேட்டேன். "மழைக்கு அத்துப்போகாதுக்கா" என்றாள் அந்தப் பெண், கண்ணைக் கூடச் சிமிட்டாமல். ஆசையாகத் தொடுவது போல ஓர் இழு இழுத்தேன். வீட்டுக்குள் இருந்து அவள் மாமனார், "எவன்டா அது, மேட்ச் ஓடிக்கிட்டிருக்கப்ப!" என்று கத்தினார். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அடுத்த மாதத்திலிருந்து அவர்கள் ஒழுங்கான இணைப்பு வாங்கிவிட்டார்கள்.

ஆனால் எங்கள் பெரிய ஆயுதம் வேறு. ஊரே உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, நல்ல கட்டத்தில் சிக்னலைச் செத்த நேரம் நிறுத்திவிடுவோம். அவர் கம்பத்தில் இருப்பார், நான் தெருவில் இருப்பேன். முறையாக இணைப்பு வாங்கியவர் உடனே போனை எடுத்து எங்களை வாய்க்கு வந்தபடி பேசுவார், அவருக்கு அந்த உரிமை உண்டு. திருடியவர் பேச முடியாது. சத்தமில்லாமல் வாசலுக்கு வந்து, வேட்டியைச் சரிசெய்வது போல நின்று, கம்பியை அண்ணாந்து பார்ப்பார். அண்ணாந்த முகத்தை எல்லாம் நான் மனதில் வாங்கிக்கொள்வேன். மறுநாள் காலையில் அவர் வீட்டு வழியாகப் போய், "நேத்து உங்க வீட்ல படம் நின்னுபோச்சாமே, சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்க" என்பேன். இணைப்பே இல்லாத வீட்டில் போய் இப்படி மன்னிப்புக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? முகம் வெளுத்துப்போகும். போலீஸ் ஸ்டேஷன் வாசலை நாங்கள் மிதித்ததில்லை, யாரையும் நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்ததும் இல்லை. அந்த ஒரு மன்னிப்பே போதுமானதாக இருந்தது.

பிறகு பாக்ஸ் வந்தது. இனி திருட்டே நடக்காது என்றார் திண்டுக்கல் கன்ட்ரோல் ரூம்காரர். வயரை இழுத்தாலும் பாக்ஸ் இல்லாமல் படம் வராது, ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு நம்பர், அதற்குள் ஒரு கார்டு. அவர் சொன்னதை நானும் நம்பினேன். என் பொல்லாத புத்திக்கு வேலை போய்விட்டதே என்று கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

அப்போதுதான் அந்த லைன் வீடு என் கண்ணில் பட்டது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஒன்றோடொன்று ஒட்டி ஐந்து வீடுகள். எல்லாம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள். முதல் வீட்டைத் தவிர மற்ற நால்வரும், "போன்லயே பாத்துக்கிறோம்க்கா" என்று சொல்லி பாக்ஸைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஊரில் பலர் அப்படிக் கொடுத்துக்கொண்டிருந்த சமயம் என்பதால் நான் எதுவும் நினைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு அந்தச் சந்து வழியாக வந்தேன். ஐந்து கதவிலிருந்தும் ஒரே சீரியலின் அழுகை. எல்லாரும் போனில் பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். விளம்பரம் வந்தது. சட்டென்று ஐந்து வீட்டிலும் அழுகை நின்று, ஒரே நொடியில் மல்யுத்தக்காரர்களின் கூச்சல் கிளம்பியது. முருங்கைக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரே நொடியில் ஐந்து வீடும் சீரியலுக்குத் திரும்பின. ஐந்து வீட்டுக்கும் ஒரே பாக்ஸ், ஒரே ரிமோட் என்பது புரிந்துவிட்டது. பாக்ஸிலிருந்து வெளிவரும் படத்தையே பிரித்து, சுவரில் ஓட்டை போட்டு, வீட்டுக்கு வீடு அனுப்பியிருக்கிறார்கள். முதல் வீட்டுக்காரர் எதைப் போடுகிறாரோ அதுதான் மற்ற நாலு வீட்டுக்கும். இப்படி ஒரு திருட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகமாக இருந்தது. பழைய வேலை திரும்பக் கிடைத்துவிட்டது அல்லவா.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விடு, பாவம், மில்லுக்குப் போற சனம்" என்றார். கம்பத்தில் ஏறுகிறவருக்கு இளகின மனசு இருந்தால் கீழே நிற்கிறவள்தானே கல்லாக இருக்க வேண்டியிருக்கிறது. மறுநாளே பழைய ஆயுதத்தை எடுத்தோம். சீரியல் உச்சத்தில் இருக்கும்போது அவர் சந்து முனைக் கம்பத்தில் இருந்த இணைப்பைக் கழற்றினார். நான் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுகிற சாக்கில் சந்துக்குள் நின்றேன். நாலு முகம் அண்ணாந்து பார்க்கும், நான் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

கதவுகள் திறந்தன. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. நாலு வீட்டிலிருந்தும் நாலு பெண்கள் வெளியே பாய்ந்து, ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு முதல் வீட்டுக்குள் ஓடினார்கள். ஒருத்தி கை முழுக்க இட்லி மாவு. இரண்டாம் வீட்டுக்காரி பூக்கட்டுகிறவள். பாதி கட்டிய மல்லிகைச் சரம் அவள் விரலிலிருந்து தரையில் இழுபட்டுக்கொண்டே போனது.

வயரைப் பிடுங்கி ஒளிக்கத்தான் ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே ஒரு கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். நல்ல ஓங்கிய ஆள், வாதம் வந்து உடம்பே விழுந்துபோயிருந்தது. பூக்கட்டுகிறவள் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, "அண்ணே, இங்க பாருங்க, என்னையப் பாருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். மாவுக்கையோடு வந்தவள் அவர் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். அவர் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. மனிதர் திருதிருவென்று விழித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பூக்கட்டுகிறவள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பதற்றத்தில் நான் யார் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. "திடீர்னு எங்க வீட்டு டிவி நின்னுபோச்சுக்கா. அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு ஓடியாந்தோம்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் கேபிள்காரியிடம் போய் இதைச் சொல்கிறோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போனை எடுத்து, கம்பத்தில் இருந்தவரிடம், "மாட்டுங்க" என்றேன். படம் வந்தது. கட்டிலில் இருந்தவரின் வலது கை, ரிமோட்டின் மேல் இருந்த கட்டைவிரல், மெல்ல அசைந்தது. மல்யுத்தம் ஓடத் தொடங்கியது. நாலு பேரும் மூச்சு விட்டார்கள்.

அப்புறம்தான் எல்லாம் தெரிந்தது. அவர் மனைவிக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை. அவள் போனால்தான் வீட்டில் அடுப்பெரியும். அவரைத் தனியாக விட்டுப் போகவும் முடியாது. அவருக்கு வாயில் பேச்சில்லை, அசைவது அந்த வலது கை மட்டும்தான். இந்த நாலு பெண்களும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்கள். ஆனால் அவரவருக்கும் வீட்டு வேலை இருக்கிறதே, எந்நேரமும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார முடியுமா? மில்லில் எலக்ட்ரீசியனாக இருக்கும் மூன்றாம் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். சுவர்களில் ஓட்டை போட்டு வயரை இழுத்தார். அன்றிலிருந்து படுத்திருப்பவர் ரிமோட்டை அமுக்கினால் ஐந்து வீட்டிலும் சேனல் மாறும். மாறிக்கொண்டே இருந்தால் அவர் நன்றாக இருக்கிறார். சடசடவென்று மாறினால் ஏதோ வேண்டும் என்று கூப்பிடுகிறார். விளம்பரம் வந்தும் மாறாமல் கிடந்தால் யாராவது ஒருத்தி எழுந்து போய்ப் பார்ப்பாள்.

அது மட்டுமில்லை. பூக்கட்டுகிறவள் சுவரைத் தட்டி, "ஏண்ணே, இன்னைக்கும் குஸ்தியா? என் சீரியலப் போடுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கத்துவாள். அவர் உடனே போட மாட்டார். கொஞ்சம் தவிக்கவிட்டுத்தான் போடுவார். அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கேட்காமலே அவளுக்காகப் பூசை நடக்கும் சேனலை வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை மாவரைக்கிறவளுக்காக அம்மன் தொடர். மற்ற நேரமெல்லாம் குஸ்தி. அந்த நாலு பெண்களுக்கும் எந்தக் குஸ்திக்காரன் எப்படித் தூக்கி அடிப்பான் என்பது மனப்பாடம். வாய் திறக்க முடியாத அந்த மனிதர் கட்டிலில் இருந்தபடியே நாலு வீட்டோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டும், சண்டை போட்டுக்கொண்டும், விட்டுக்கொடுத்துக்கொண்டும் இருந்தார்.

நான் கீரையைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "விட்ரலாமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "விட்ரலாம்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திருட்டைக் கண்டும் காணாமல் இருக்க எனக்கு மனசு வந்தது.

ஆனால் விட முடியவில்லை. யாரோ புண்ணியவான் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து லைன் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அங்கிருப்பவர் என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். "அக்கா, உங்க ஏரியாவுல ஒரு கம்ப்ளைண்ட் வந்திருக்கு. அடுத்த வாரம் நானே வந்து நம்பர் அடிச்சுப் பாக்கணும். மேல இருந்து சொல்லிட்டாங்க" என்றார். நம்பர் அடிப்பது என்றால், அங்கே உட்கார்ந்து ஒரு பொத்தானைத் தட்டினால், பாக்ஸின் நம்பர் டிவித் திரையில் கொஞ்ச நேரம் மிதக்கும். ஒரே நம்பர் இரண்டு வீட்டில் மிதந்தால் கதை முடிந்தது. அந்த பாக்ஸை நிரந்தரமாக முடக்கிவிடுவார்கள். எங்கள் கையிலிருந்து ஏரியாவையே பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுக்கவும் அவர்களால் முடியும். அப்புறம் எங்களுக்கு என்ன இருக்கிறது, கம்பமும் ஏணியும்தான்.

விஷயத்தைச் சொல்ல நான் லைன் வீட்டுக்குப் போனபோது படுத்திருப்பவரின் மனைவி மில்லிலிருந்து வந்திருந்தாள். மெலிந்த பெண், தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசி. என்னைக் கண்டதும் காலில் விழப்போனாள். "போலீசுக்குப் போயிராதீகக்கா. வயர் இழுக்கச் சொன்னது நான்தான், மத்தவுக மேல பழி வந்துறக் கூடாது" என்றாள். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இல்லக்கா, நான்தான் சொன்னேன்" என்று பூக்கட்டுகிறவளின் குரல் வந்தது. இன்னும் ஒரு சுவர் தள்ளி, "நாந்தேன்" என்று இன்னொரு குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வயரை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன். என் யோசனைகளையும் சொன்னேன். நாலு வீட்டுக்கும் எங்கள் பரணில் கிடக்கும் பாக்ஸ்களைக் கொடுத்து முறையாக இணைப்புத் தருகிறேன், கணக்கை மெதுவாகப் பார்த்துக்கொள்வோம். அவர் கூப்பிடுவதற்குத் திண்டுக்கல்லில் ஒரு வயர் இல்லாத காலிங்பெல் வாங்கி வருகிறேன். இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

மணியை வாங்கிவந்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். புறங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. எடுத்து வைத்தேன், மறுபடி தள்ளினார். எனக்குச் சுர்ரென்று வந்தது. "என்னண்ணே இது, சின்னப்புள்ள மாதிரி" என்று கேட்டே விட்டேன்.

அவர் மனைவிதான் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். "மணி அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்லக்கா. சீக்காளிதான மணி அடிச்சுக் கூப்புடுவாக. ரிமோட்டுன்னா அப்படியில்ல. வீட்டு ஆம்பள டிவி பாக்குறாக, அம்புட்டுத்தான்" என்றாள். ரிமோட்டை யார் வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும் சண்டையை எத்தனை வருஷமாகப் பார்த்துவருகிறேன். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கன்ட்ரோல் ரூம்காரர் வருவதற்கு முந்தின நாள் வயரை எடுத்தோம். என் வீட்டுக்காரர் வெட்டினார், நான் இழுத்துச் சுருட்டினேன். கட்டிலில் இருந்தவர் எங்களைப் பார்க்கவில்லை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வீட்டுக்கும் புது பாக்ஸ் வைத்தோம். மறுநாள் கன்ட்ரோல் ரூம்காரர் வந்து போனில் நம்பர் அடிக்கச் சொன்னார், முதல் வீட்டு நம்பர் அந்த வீட்டில் மட்டும் மிதந்தது. மற்ற வீடுகளில் அவரவர் நம்பர். சுவரில் ஓட்டையை அடைத்திருந்த துணிப்பந்தை அவர் பார்த்தார். கட்டிலில் இருந்தவரையும் பார்த்தார். "இந்த ஓட்டைய நல்லா சிமெண்ட் வச்சுப் பூசிருங்கக்கா. பூரான் கீரான் வரும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்கள் கட்டிலில் இருந்தவரைக் கைவிடவில்லை. முறைவைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள், சோற்றையும் வெஞ்சனத்தையும் மசித்து ஊட்டினார்கள். ஆனால் அவரவர் வீட்டில் அவரவர் சீரியல். சுவரைத் தட்டிக் கத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

சில வாரம் கழித்து அவர் மனைவி என்னைத் தேடி வந்தாள். வயரைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்கவில்லை. வாசலில் நின்றபடியே, "அவுக ரிமோட்டத் தொடுறதே இல்லக்கா" என்றாள். "நான் வேலைக்குப் போறப்ப என்ன ஓடுதோ அதேதான் திரும்பி வாரப்பவும் ஓடுது."

போய்ப் பார்த்தேன். டிவியில் யாரோ இரண்டு பேர் ஏணி விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசியதற்குக் கண்ணைத் திருப்பவில்லை. வெளியே வந்தபோது பூக்கட்டுகிறவள், "நேத்து நானே குஸ்தி போட்டுப் பாத்தேன்க்கா. நல்லாவே இல்ல" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. எனக்கும்தான். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் அந்த மனிதர் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டிருந்தார்.

வழி எனக்குக் கோபத்தில்தான் கிடைத்தது. எங்களுக்கு என்று ஒரு உள்ளூர் சேனல் உண்டு. எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், அதில் சுற்றுவட்டாரத் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கண்மாய் நிறைந்த வருஷத்துத் தண்ணீர் என்று வருஷக்கணக்கில் சேர்ந்த வீடியோக்கள். அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஓடும், நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று ஒருவர் போன் செய்து, "ஏம்மா, அந்தக் காதுகுத்தையே எத்தன நாளைக்குத்தான் போடுவீக? அந்தப் புள்ளைக்கே கல்யாணம் ஆகியிருக்கும்" என்றார். "மாத்துறதுக்கு இங்க ஆள் இல்லைங்க" என்று கத்திவிட்டு வைத்தேன். வைத்த பிறகு நான் சொன்னது எனக்கே கேட்டது.

என் வீட்டுக்காரர் ஒரு பழைய செல்போனில் எதையோ ஏற்றினார். திரையில் இரண்டே பெரிய கட்டம், ஒன்றைத் தொட்டால் அடுத்த வீடியோ, மற்றதைத் தொட்டால் முந்தினது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அதற்குக் கட்டுப்படும். அதை ஒரு பலகையில் ஒட்டி, படுத்திருப்பவரின் கட்டைவிரலுக்கு எட்டும்படி கட்டிலில் கட்டினார். நான் தலைமாட்டில் நின்று சொன்னேன்: "அண்ணே, இது உங்க பொழுதுபோக்குக்கு இல்ல. எங்களுக்கு ஆள் பத்தல. அஞ்சாறு ஊர் பாக்குற சேனலு, கண்டதப் போட்டுறாதீக. பேர் கெட்டுப்போகும்."

அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். நான் பரிதாபப்பட்டு இதைச் செய்கிறேனா என்று என் முகத்தில் தேடினார் என்று நினைக்கிறேன். முகத்தை எவ்வளவு கடுகடுவென்று வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வைத்துக்கொண்டேன். கடைசியில் அந்தக் கட்டைவிரல் நகர்ந்தது. டிவியில் காதுகுத்துப் பிள்ளை அழுகையை நிறுத்தியது.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தட்டப்பட்டது. "அண்ணே! நீங்கதானா? அந்தக் கண்மாய் போதும்ண்ணே, ஏதாச்சும் கல்யாணத்தப் போடுங்க, சேலை பாக்கணும்!" அவர் உடனே போடவில்லை. கொஞ்சம் தவிக்கவிட்டார்.

எங்கள் போனும் ஓயவில்லை. அவர் புரட்டிப் பிடித்துப் போட்டவற்றில் யார் யாரோ தங்கள் மாமனையும் மச்சானையும் சிறு வயதுக்காரர்களாகப் பார்த்துவிட்டார்கள். "அத இன்னொருக்காப் போடச் சொல்லுங்க" என்பார்கள். நான் நடந்து போய் அவரிடம் சொல்வேன். மதியத்தில் படம் மாறாமல் கிடந்தால் ஊருக்கு ஒருவராவது, "என்ன ஆச்சு, நின்னுபோச்சே" என்று கேட்பார். லைன் வீட்டுப் பெண்களில் ஒருத்தி அதற்குள் உள்ளே போய்ப் பார்த்திருப்பாள்.

ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது அவர் எதையோ தேடுவது தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். கல்யாணங்கள் போயின, காதுகுத்துகள் போயின. பக்கத்து ஊர் மாரியம்மன் திருவிழா ஒன்று வந்ததும் விரலை எடுத்துவிட்டார். நாங்கள் இந்தக் குடும்பத்தை அறிவதற்கு முன்னால் எடுத்த பழைய வீடியோ அது. கூட்டம், தூசி, முளைப்பாரி. மேடையில் தலைப்பாகை கட்டிய ஓங்கிய ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கனத்த, சிரிப்பு கலந்த குரல்.

"முளைப்பாரி எடுத்து வார தாய்மாருக்கு வழி விடுங்கப்பா. ஏலே, வேப்பமரத்துல உக்காந்திருக்கவனே, இறங்குடா, சாமி இங்கிட்டு இருக்கு. பச்சச் சட்ட போட்ட புள்ள ஒண்ணு அழுதுக்கிட்டு நிக்குது. பெத்தவுக யாரா இருந்தாலும் மேடைக்கு வாங்க. அவசரமில்ல, முறுக்கு வாங்கிக் குடுத்திருக்கேன், தின்னு முடிச்சுட்டுத்தான் வருவானாம்."

திரையைப் பார்த்தேன், கட்டிலைப் பார்த்தேன். அதே புருவம், அதே நெற்றி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஒலியைக் கூட்டினார்கள். சந்து முனை டீக்கடையில் கூட்டினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்க வீடுகளிலும் கேட்டது. முடிந்ததும் அவர் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

மில் பஸ் வரும் நேரம். செருப்புச் சத்தம் வாசலில் நின்றதைக் கேட்டுத் திரும்பினேன். அவர் மனைவி டிபன் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

"பஸ்ஸ விட்டு இறங்குனதுலருந்து கூடவே பேசிக்கிட்டு வாராகக்கா" என்றாள்.